முதலில் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உயரம் 162 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. இரண்டு வருடமாக எடை ஏறிக்கொண்டே போகிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுகிறான், திரும்பி வரும் வழியில் தினமும் ஒரு குளிர்பானம் குடிக்கிறான். இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன். திண்பண்ட அலமாரியைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். போன வாரம் அவன் மெத்தையைத் தூக்கியபோது அடியில் பதினேழு பிஸ்கட் உறைகள் கிடந்தன. கத்திவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவன் தங்கை ஒல்லி. அவளுக்குக் கொடுப்பதை இவனுக்குக் கொடுக்காமல் இருப்பது எனக்கே வேதனையாக இருக்கிறது. பாட்டியோ எனக்குத் தெரியாமல் அவனுக்குத் தின்னக் கொடுக்கிறார். அவன் கழுத்தில் கறுப்பாக அழுக்குப் படிந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. மூன்று மாதத்தில் 15 கிலோ குறைய ஒரு பவுடர் இருக்கிறதாம், கொடுக்கலாமா? ஜிம்முக்கு அனுப்பினால் வளர்ச்சி நின்றுவிடுமா? அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள். கேக் வாங்கலாமா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் மனத்தில் நின்றவை அந்தப் பதினேழு உறைகள்தான். 14 வயதுப் பையன் பிஸ்கட் தின்றது பெரிய விஷயமே இல்லை. தன் வீட்டில், தன் படுக்கையில், ஒளிந்து தின்றிருக்கிறான். உறையைக் குப்பையில் போடக்கூடப் பயந்து மெத்தைக்கு அடியில் செருகியிருக்கிறான். அதுதான் என்னை வருத்துகிறது. உங்களையும் அதுதான் வருத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக எண்ணியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று சொல்கிறேன். அலமாரிப் பூட்டைக் கழற்றிவிடுங்கள். நிறுத்திய இரவுச் சாப்பாட்டை இன்றிரவே மீண்டும் பரிமாறுங்கள்.

பயமாக இருக்கிறதா? பூட்டும்போதே இவ்வளவு தின்கிறானே, திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பூட்டியதால்தான் அவ்வளவு தின்றான் என்பது என் கருத்து. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாளாக ஆக அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலரால் வயிறு புடைத்த பிறகும் நிறுத்த முடியவில்லை. அவர்கள் மனத்திடம் உள்ளவர்கள், சம்மதித்து வந்தவர்கள். உங்கள் மகன் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை. யாரும் அவனைக் கேட்டு அவன் சாப்பாட்டை நிறுத்தவில்லை. பசித்த உடல் உணவைத் தேடும். அதைத் திருட்டுத்தனம் என்றோ மனக்கட்டுப்பாடு இல்லை என்றோ நினைக்காதீர்கள். வளரிளம் பருவத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கடும் பத்தியம் இருந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் எடை கூடவே செய்கிறது, கட்டுப்பாடு இழந்து தின்னும் பழக்கமும் அதிகமாக வருகிறது.

பூட்டைக் கழற்றுவது என்றால் கண்டதையும் வாங்கி அடுக்கிவைப்பது என்று பொருளில்லை. வாங்காத பொருளுக்குப் பூட்டே வேண்டாம். வீட்டுக்குள் எது வர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் இந்தப் பொறுப்பை அழகாகப் பிரித்துச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். நீங்கள் இரண்டையும் உங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டதால்தான் இவ்வளவு களைத்துப் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்று: அலமாரியில் இருப்பது தங்கைக்கு உண்டு, அண்ணனுக்கு இல்லை என்ற நிலை நாளைக்கே முடிய வேண்டும். வீட்டில் ஒரே சமையல், எல்லாருக்கும் ஒரே தட்டு. ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கும் தினம் குளிர்பானம் நல்லதில்லை. அவளுக்கும் காய்கறி வேண்டும், தூக்கம் வேண்டும். ஒருவனை மட்டும் தனியே நிறுத்தித் திருத்துவதை விட்டு, வீட்டின் பழக்கத்தை மாற்றுங்கள். உங்கள் தட்டும் அவன் அப்பாவின் தட்டும் இதில் சேர்த்தி.

இப்போது அந்தக் கழுத்து. தயவுசெய்து தேய்க்காதீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கழுத்தின் பின்புறம் தோல் புண்ணாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மா நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து வந்த புண் அது. நீங்கள் எழுதியிருப்பது அழுக்காக இருக்க வாய்ப்பில்லை. கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, சற்றுத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல இருந்தால், பெரும்பாலும் அது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உடல் வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகுதியான இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. சோப்பு இதற்கு ஒன்றும் செய்யாது. உள்ளே நிலைமை சீரானால் நிறமும் மெல்ல வெளிறும்.

இதற்காகவே, இந்த மாதமே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் கல்லீரலில் கொழுப்பு படியும், அது வெளியே தெரியாது. எல்லாருக்கும் சந்தேகம் தைராய்டு மீதுதான் போகும். ஆனால் நன்றாக உயரம் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் எடைக்குத் தைராய்டு காரணமாக இருப்பது மிக அரிது. எடை ஏற, உயரம் மட்டும் நின்றுபோயிருந்தால் ஹார்மோன் கோளாறைத் தேட வேண்டும். ஆகவே பழைய உயர, எடைக் குறிப்புகள் எங்கே இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்து ஏதாவது நீண்ட நாளாகச் சாப்பிடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். அவன் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் சொல்ல மறக்காதீர்கள். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், தலைவலியோடு பார்வை மங்கல் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இடுப்பிலோ முழங்காலிலோ வலித்து நொண்டி நடந்தாலும் அப்படித்தான். இந்த வயதில், எடை கூடிய பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி அதன் இடத்திலிருந்து நழுவக்கூடும். வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். சுளுக்கு என்று நினைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

அடுத்து, 15 கிலோ. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். மூன்று மாதத்தில் 15 கிலோ என்றால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அந்த வேகத்தில் ஒரு பிள்ளையின் எடை இறங்குவது ஆபத்து. கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் உருவாகலாம். எலும்பு உறுதிப்படும் வயதில் அதற்குரிய சத்தும் கிடைக்காமல் போகும். பெரியவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்கள் மகனுக்கு இருக்கிறது: அவன் இன்னும் உயரப் போகிறான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இன்றைய 74 கிலோவை, 1.62 மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு 28.2 வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அவன் வயதுக்கு அது பருமன். இதே 74 கிலோவோடு அவன் 172 சென்டிமீட்டரை எட்டினால் குறியீடு 25 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலே பருமன் எல்லைக்குக் கீழே வந்திருப்பான். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு எடை ஏறாமல் நின்றாலே அது வெற்றி. மெதுவாகக் கொஞ்சம் இறங்கினால் மகிழ்ச்சி. பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்து அவனை அளக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வயதும் பாலினமும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணை தனியாக உண்டு.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் உள்ளே எடுத்துவைத்துவிடுங்கள். தண்ணீர் குடித்ததற்கும் கழிவறை போனதற்கும் ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்து ஒரு பிள்ளையின் காலைப்பொழுது நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகக் கூடாது. மருத்துவர் பார்க்கும்போது பார்த்தால் போதும். நான் பிள்ளைகளை எடைக் கருவியில் எண்ணுக்கு முதுகு காட்டி ஏறச் சொல்வேன். குறித்துக்கொள்வேன், வாய்விட்டுப் படிக்க மாட்டேன். அப்போது சில பிள்ளைகள் அடக்கிவைத்த மூச்சை விடுவது எனக்குக் கேட்கும்.

பவுடர் வேண்டவே வேண்டாம். உணவுக்குப் பதிலாகப் பவுடர் என்பது வளரும் பிள்ளைக்குச் சரிவராது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. எடைக் குறைப்புப் பொருட்கள் சிலவற்றில் வெளியே எழுதாத மருந்துகள் கலந்திருந்ததைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. 12 வயதுக்கு மேற்பட்ட சில பிள்ளைகளுக்கு மருத்துவர்களே எடைக்கான மருந்து கொடுப்பதுண்டு. அது பரிசோதனைகளுக்குப் பிறகு, பழக்க மாற்றங்களோடு சேர்த்து, சிறப்பு மருத்துவர் எடுக்கும் முடிவு. ஆன்லைனில் வாங்கித் தருகிற விஷயம் அல்ல.

உணவில் எதைத் தொடுவது? ஒரே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால், அந்தத் தினசரிக் குளிர்பானத்தை மாற்றுங்கள். 330 மில்லி கோலா பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, அதில் சிறு கரண்டியால் எட்டு ஒன்பது தடவை சர்க்கரையைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நீங்களே குடிக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 2000 கலோரிக் கணக்கில் அது 50 கிராம், 25 கிராம். ஒரே பானத்தில் அந்த இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறான். குடித்த கலோரி வயிற்றை நிரப்புவதுமில்லை. வீட்டுக்கு வந்ததும் பசிக்கத்தான் செய்யும். பழச்சாறும் இதற்கு மாற்றாகாது. பழமாகவே கடித்துத் தின்னட்டும். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், தினம் என்பதை வாரத்துக்கு இரண்டு என்று அவனோடு பேசி வையுங்கள், பிறகு ஒன்று. அந்த எண்ணை அவன் வாயாலேயே சொல்ல வைத்தால் காப்பாற்றுவான்.

அவன் வழியில் ஏன் குடிக்கிறான் என்று யோசித்தீர்களா? காலையில் வெறும் வயிறு. மாலை நான்கு மணிக்குக் கண் இருட்டும் பசி. அந்தப் பசியில் யாராக இருந்தாலும் கையில் கிடைத்ததைத்தான் வாங்குவார்கள். காலையில் முட்டையோ பாலோ பருப்பு வகையோ, புரதம் உள்ள ஏதாவது ஒன்று கொஞ்சமாவது வயிற்றில் விழ வேண்டும். நேரமில்லை என்றால் கையில் எடுத்துக்கொண்டு போகும்படி தயார் செய்யுங்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு பழமும் கொஞ்சம் கொட்டைப் பருப்பும் மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். கழுவி, நறுக்கி வைத்த பழம் தீர்ந்துவிடும். கூடையில் கிடக்கும் பழம் வாடிப்போகும். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

மற்ற நேரங்களில் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்று கண்ணளவு வைத்தால் போதும். கலோரி எண்ண வேண்டாம். பரிமாறுவதை அவனிடமே விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை கேட்டால் "இன்னுமா?" என்று கேட்காதீர்கள், புருவத்தைக்கூட உயர்த்தாதீர்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் இல்லாமல், வாரத்தில் சில வேளையாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் அவன் மதிப்பெண்ணைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேச்சே எடுக்கக் கூடாது.

தாராளமாக ஜிம்முக்கு அனுப்பலாம், அவன் விரும்பினால். முறையாகச் சொல்லித்தரும் பயிற்சியாளர் அருகில் இருந்து, குறைந்த பளுவில் தொடங்கினால் எடைப் பயிற்சி உயர வளர்ச்சியைத் தடுக்காது. அது பழைய பயம். சொல்லப்போனால் எடை கூடிய பிள்ளைகளுக்கு இது மிகவும் ஒத்துவரும். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருகிற பிள்ளை, பளு தூக்குவதில் வகுப்பிலேயே பலசாலியாக இருப்பான். அந்தப் பெருமை அவனுக்கு இப்போது தேவை. 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் உடல் உழைக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். இன்று 10 நிமிடம் நடக்கிறவனை நாளைக்கே 60 நிமிடம் ஓடச் சொல்லாதீர்கள். சைக்கிள், நீச்சல், பந்து, நடனம், எது பிடிக்கிறதோ அது. சாப்பிட்டதற்குத் தண்டனையாக மட்டும் உடற்பயிற்சி வந்துவிடக் கூடாது. "கேக் தின்றாய் அல்லவா, போய் ஓடு" என்ற ஒரு வாக்கியம் போதும், ஓட்டத்தையும் கேக்கையும் சேர்த்துக் கெடுப்பதற்கு.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், நிறைவைச் சொல்லும் ஹார்மோன் குறையும், இனிப்பில் நாட்டம் ஏறும். இரவில் எல்லாருடைய கைபேசியும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். எல்லாருடையதும் என்றால் உங்களுடையதும்தான்.

பாட்டியோடு சண்டை வேண்டாம். பேரனுக்குத் தின்னக் கொடுப்பது அவருடைய அன்பு, அதைத் தடுத்தால் ஒளித்துத்தான் கொடுப்பார். அந்த மாலை நேரத்துப் பழத்தை நறுக்கிக் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். கொடுக்கும் கை கொடுத்துக்கொண்டே இருக்கட்டும்.

இனி, உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கப்போகிற வேலை. அவனிடம் போய்ப் பேச வேண்டும். சாப்பாட்டு மேசையில் வேண்டாம், தங்கை முன்னால் வேண்டாம். இருவரும் நடந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, முகத்துக்கு முகம் பார்க்காமல் இருக்கும் நேரம் நல்லது. "அன்றைக்கு நான் கத்தியது தப்பு. உன் சாப்பாட்டை நிறுத்தியதும் தப்பு. பூட்டை எடுத்துவிட்டேன். நம் வீட்டுச் சாப்பாட்டை எல்லாருக்குமாக மாற்றப் போகிறேன், உன் யோசனையும் வேண்டும்." இவ்வளவு போதும். எடை என்ற சொல்லே வர வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையிலும் பிள்ளைகளிடம் எடைப் பேச்சு வேண்டாம், ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் இருக்கிறது. உங்கள் சொந்த உடம்பைப் பற்றிக் கண்ணாடி முன் நின்று சலித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவன் பதில் பேசாமல் இருக்கலாம். பரவாயில்லை, சொன்னது உள்ளே போயிருக்கும். சில நாள் கழித்து, பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் ஆசிரியரிடம் போய்ப் பேசுவது உங்கள் வேலை. "நீ கண்டுகொள்ளாதே" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

பூட்டு போன பிறகு முதல் சில வாரம் அவன் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிடக்கூடும். பெரும்பாலும் அது தணியும். தணியாமல், மிகக் குறைந்த நேரத்தில் ஏராளமாக, நிறுத்த முடியாமல், ஒளிந்தே தின்பது தொடர்ந்தால், அது சிகிச்சை உள்ள ஒரு மனநலச் சிக்கல். மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். திடீரென்று வேளை வேளையாக உணவைத் தவிர்க்கிறான், சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறான், தலை சுற்றுகிறது, எந்நேரமும் குளிர்கிறது என்கிறான், எடை மளமளவென்று இறங்குகிறது என்றால், எவ்வளவு குண்டான பிள்ளையாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஒல்லியான பிள்ளைக்கு இப்படி நடந்தால் எல்லாரும் பதறுவார்கள். எடை கூடிய பிள்ளைக்கு நடந்தால் சுற்றியிருப்பவர்கள் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்கு நடுவே இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போகும்.

மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குங்கள். அவளுக்குப் பிடித்த கேக்காகவே வாங்குங்கள். அண்ணனுக்கும் மற்றவர்களுக்கு வெட்டிய அதே அளவில் ஒரு துண்டு வெட்டி, எல்லார் நடுவிலும் அவன் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு அவன் தட்டைப் பார்க்காமல், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.